மாப்பிள்ளையை உள்ளே விடாத ஊர்

சென்ற வாரம் நம் பழைய ருவைஸ் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு படம் போட்டிருந்தார். கம்பெனிக் குடியிருப்பின் வீட்டு வரிசை, பழுப்பு நிற மதில், ஓரத்தில் ஒரு கோணல் வேப்பமரம். அதற்குக் கீழே இன்னொருவர் எழுதியிருந்தார்: "இந்த மூலை வீட்டுலதானே பொண்டாட்டியத் துரத்தி விட்ட வெள்ளைக்காரன் இருந்தான்?" உடனே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். நமக்கெல்லாம் தலைக்குச் சாயம் பூசுகிற வயது வந்துவிட்டது, அந்த வதந்திக்கு மட்டும் இன்னும் நரைக்கவில்லை. அது புறப்பட்டதே எங்கள் வீட்டு அடுப்படியிலிருந்துதான். அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

ருவைஸ் அபுதாபியின் பாலைவன ஓரத்து எண்ணெய் ஊர்; வாப்பா அங்கே சுத்திகரிப்பு ஆலையின் ஸ்டோரில் சூப்பர்வைசர். அந்த கிரேடுக்கு ஒதுக்கிய வீடுகளில் கடைசி வீடு எங்களுக்கு. பின்பக்க மதிலுக்கு அப்பால் பெரிய கிரேடு தொடங்கும். அங்கே முதல் வீடு அவர்களுக்கு. மதில் என் தோள் உயரம்தான். ஆனால் அந்தப் பக்கத்து ஏசி சத்தம் போடாது, தண்ணீர் மஞ்சளாக வராது. ஆலையின் பெரிய தீ மட்டும் கிரேடு பார்க்காமல் இரண்டு வீட்டுச் சுவரையும் ஆரஞ்சாக்கும். காற்று திரும்பினால் அழுகிய முட்டை நாற்றமும் அப்படியே.

அங்கிள் கனடாக்காரர், வெள்ளைக்காரர், கம்ப்ரசர் இன்ஜினியர். ஒரு வாக்கியம் பேசிவிட்டு அடுத்ததை மறுநாள் பேசுகிற ரகம். ஆன்டியும் கனடாவிலிருந்து வந்தவர்தான். ஆனால் கனடாக்காரி என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். "மோஹாக்" என்பார், அந்த மண்ணின் பூர்வகுடி இனம் ஒன்றின் பெயர். அங்கே ஒரு பெரிய ஆற்றின் கரையில், அவருடைய மக்களுக்கு மிஞ்சிய நிலத்தில், பிறந்து வளர்ந்தவர். சக்கிமுக்கிக் கல் நாட்டுக்காரர்கள் என்பது அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயராம். வாப்பாவுக்குக் குதிரையும் துப்பாக்கியும் வரும் படங்களின் வழியாகத்தான் அந்த மக்களைத் தெரியும். முதல் சந்திப்பிலேயே, "நீங்கோ குதிரை ஓட்டுவீங்களா?" என்று என்னை விட்டுக் கேட்கச் சொன்னார். நான் வெட்கத்தோடு கேட்டேன். "என் அப்பாவுக்குக் குதிரை என்றால் பயம்," என்றார் ஆன்டி. "அவர் இருந்தவரை இரும்பு உத்திரத்தின் மேல் நடந்தவர். வானளாவிய கட்டடங்களுக்கு எலும்புக்கூடு கட்டுவது எங்கள் ஊர் ஆண்களின் வேலை. என் தம்பிகளும் இப்போது அந்த வேலையில்தான், ஊர் ஊராக." வாப்பா அன்றிலிருந்து அவரிடம் குதிரையைப் பற்றிப் பேசவில்லை.

உம்மாவுக்கும் ஆன்டிக்கும் சிநேகம் சுண்ணாம்பில் ஆரம்பித்தது. அது வெயில் தணிந்து மனிதர்கள் வெளியே உட்காரத் தொடங்கும் மாதம். மதிலுக்கு அப்பால் ஆன்டி ஒரு பெரிய பானையிலிருந்து வெந்த வெள்ளைச் சோளத்தைக் குப்பைப் பையில் கொட்டிக்கொண்டிருந்தார். சாப்பாட்டைக் கொட்டினால் உம்மாவுக்குப் பொறுக்காது.

"ஏம்மா, ஏன் கொட்டுறாஹன்னு கேளு."

கேட்டேன். அவருடைய ஊரில் மக்காச்சோளத்தை விறகுச் சாம்பல் கரைத்த நீரில் வேகவைப்பார்களாம். அப்போதுதான் தோல் கழன்று வரும். பிறகு கழுவி, அரைத்து, சிவப்பு பீன்ஸ் சேர்த்து, தட்டையாகத் தட்டிக் கொதிநீரில் போட்டு வேகவைத்தால் சோள ரொட்டி. ஊரிலிருந்து கொண்டுவந்த சாம்பல் தீர்ந்துவிட்டது. இங்கே பார்பிக்யூ கரிச்சாம்பலைப் போட்டுப் பார்த்திருக்கிறார். மண்ணெண்ணெய் வாடைதான் வந்ததாம்.

உம்மா ஒரு நிமிடம் யோசித்தார். "சாம்பலும் காரம், சுண்ணாம்பும் காரம். எல்லாம் ஒண்ணுதானே?" என்று உள்ளே போனார். வெற்றிலைக்குத் தடை இருந்த அந்த நாட்டில், நம் வீடுகளில் அது எவ்வளவு ரகசியமான பொருளாக இருந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். உம்மாவின் சுண்ணாம்பு டப்பா ஊறுகாய் பாட்டில்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதை எடுத்து மதிலுக்கு மேலே நீட்டினார். மறுநாள் சோளத்தின் தோல் சட்டை கழற்றுவது மாதிரி கழன்றது. ஆன்டி சிரித்துக்கொண்டே ஓடி வந்து உம்மாவின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். உம்மாவின் உள்ளங்கையெல்லாம் ஈரச் சோளத் தோல்.

அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையிலும் அங்கிருந்து சோள ரொட்டி வரும். இங்கிருந்து எனாமல் தூக்குச்சட்டியில் கறிக்குழம்பு போகும். வெளியே நீலம், உள்ளே வெள்ளை, விளிம்பில் கறுப்புக் கீறல்கள் விழுந்த சட்டி அது. உம்மாவின் கல்யாணச் சீரில் வந்தது. சோள ரொட்டிக்குக் கொழுக்கட்டையின் மணமும் பழைய மரப்பெட்டியின் மணமும் சேர்ந்திருக்கும். கறிக்குழம்பில் தோய்த்தால் நன்றாக இருக்கும், இல்லாவிட்டால் தொண்டையில் நிற்கும். உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா?

ஆன்டி வீட்டின் பின்புறம் கொஞ்சம் சோளமும் போட்டிருந்தார். ராமநாதபுரத்து அண்ணன் ஒருவர் தொழிலாளர் கேம்பிலிருந்து வந்து தோட்ட வேலை செய்வார். "மேடம், இது கடல் மண்ணு. இதுல புல்லே மொறச்சுக்கிட்டுத்தான் மொளைக்கும்," என்று சொல்லிக்கொண்டே எங்கிருந்தோ பிக்கப்பில் நல்ல மண் கொண்டுவந்து கொட்டினார். சோளம் இடுப்பு உயரத்துக்கு வந்தது. அதற்கு மேல் வளரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, ஆன்டியின் அடுப்படியில், உம்மா தனக்கு மிகவும் பிடித்த கேள்வியைக் கேட்டார். யாரைப் பார்த்தாலும் கடைசியில் அதைக் கேட்காமல் விட மாட்டார்.

"ஊர்ல ஊடு யாரு பேர்ல இருக்குன்னு கேளு."

வீடும் நிலமும் அம்மா வழியாகத்தான் வரும் என்றார் ஆன்டி. குலமே அம்மாவின் குலம்தான். அப்பா எந்தக் குலமாக இருந்தாலும் பிள்ளைகள் அம்மாவுடையவர்கள்.

உம்மாவின் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "பாத்தியா! நம்ம காயல் மாதிரியே!" காயல்பட்டினத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊரில் பெண் பிறந்தால் தொட்டில் ஆட்டிக்கொண்டே அவளுக்கு வீடு எங்கே கட்டுவது என்று பேசத் தொடங்குவார்கள். கல்யாணமானால் பெண் எங்கும் போக மாட்டாள். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேர்வார். வாப்பாவும் அப்படி வந்தவர்தான். உம்மா இதையெல்லாம் என் வாய் வழியே ஆன்டிக்கு விளக்கினார். கடைசியில், "அப்ப உங்க மாப்பிள்ளையும் உங்க ஊட்டுக்குத்தானே வருவாஹ?" என்று முடித்தார்.

ஆன்டி அப்போதுதான் கொதிநீரிலிருந்து எடுத்த ஒரு முழு ரொட்டியைப் பலகையில் வைத்துக் கத்தியை எடுத்தார்.

"எங்கள் நிலம் இவ்வளவு இருந்தது," என்றார். பிறகு வெட்டத் தொடங்கினார். ஒரு பெரிய துண்டு, பக்கத்தில் வந்து குடியேறியவர்களுக்கு. ஒரு துண்டு ரயிலுக்கு. ஒன்று சாலைக்கும் பாலத்துக்கும். ஆற்றோரத்தில் ஒரு நீளத் துண்டு, கப்பல் போகக் கால்வாய் வெட்டியவர்களுக்கு. அவருடைய அம்மா சிறுமியாக இருந்தபோது வீட்டு வாசலிலிருந்து ஓடிப்போய் ஆற்றில் குதிப்பாராம். கால்வாய் வந்தபின் ஆறு ஊரைவிட்டுத் தள்ளிப்போய்விட்டது. வெட்டிய துண்டுகளை என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். ரயிலையும் கப்பல் கால்வாயையும் நான் தின்றேன். பலகையில் கடைசியாக ஒரு கை அளவு மிஞ்சியது.

"இவ்வளவுதான் பாக்கி. அதனால் ஊரில் ஒரு சட்டம் இருக்கிறது. வெளியாளைக் கல்யாணம் செய்துகொண்டால், அவரோடு அங்கே குடியிருக்க முடியாது. தனியாக வந்தால் என் வீடு எனக்கு. அவரோடு வந்தால் இல்லை."

"உங்களுக்குக் கோபம் வரவில்லையா?" என்று கேட்டது நான். உம்மா கேட்கச் சொல்லவில்லை.

"வரும். எங்கள் ஊரிலேயே பாதிப் பேருக்கு அந்தச் சட்டத்தின் மேல் கோபம். எனக்கும் அது பிடிக்காது. ஆனால் இந்தத் துண்டும் போய்விட்டால் கோபித்துக்கொள்ளச் சட்டமே இருக்காது." அந்த மிச்சத்தை அவர் ஒரு துணியில் சுற்றி வைத்தார். "அம்மா நடமாடுகிறவரை இங்கே இருப்பேன். அதற்குப் பிறகு இரண்டில் ஒன்று. அம்மா வீடு, இல்லாவிட்டால் இவர்."

நான் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். உம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் தீர்ப்புச் சொன்னார்.

"பொய்."

"யாரு சொல்றது பொய்?"

"அவ சொல்லல, பாவம். அந்த ஆளு சொல்லிக் குடுத்திருக்கான். பொம்பளைக்கு ஊடு குடுக்கிற ஊர்ல மாப்பிள்ளைய உள்ள விட மாட்டாங்களா? எங்கயாவது உண்டா? அவனுக்கு மாமியா ஊட்டுல போயி இருக்க மானம் தடுக்குது. வெள்ளைக்காரன் புத்தி. அதை மூடி மறைக்க இவ ரொட்டிய வெட்டிக் கத சொல்றா."

உம்மாவைக் குறை சொல்லிப் பயனில்லை. மாப்பிள்ளை வந்து நிறைக்கிற வீட்டைத்தான் அவருக்குத் தெரியும். பெண்ணிடம் வீடு இருந்தும் மாப்பிள்ளைக்கு இடமில்லாத ஊரை அவரால் கற்பனை செய்ய முடியவில்லை. வேறு ஊர்க்காரர் யாராவது கேட்டிருந்தால் ஒருவேளை நம்பியிருப்பார்.

உம்மா அதோடு விடவில்லை. சமரசம் பேச வாப்பாவை அனுப்பினார். வாப்பாவுக்கு இஷ்டமில்லை. அங்கிள் கிரேடு பெரியது, நாளைக்கு ஸ்டோருக்கு வந்து நிற்பார். ஆனாலும் உம்மா சொன்னால் வாப்பா எப்போது தட்டினார்? ஊரில் அவர் இருப்பதே உம்மாவின் வீட்டில். மஃரிபு தொழுதுவிட்டு, அயர்ன் செய்த சட்டையோடு, என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கிள் எங்களை உட்காரவைத்து ஜூஸ் கொடுத்தார். ஆன்டி குளிக்கப் போயிருந்தார். வாப்பா நேரடியாக ஆரம்பித்தார், தன் சொந்த ஆங்கிலத்தில்.

"சார், மை பிளேஸ், ஐ லிவிங் வைஃப் ஹவுஸ். நோ ஷேம். வைஃப் மதர் குட் குக்கிங். யூ ஆல்சோ கோ. ஃபினிஷ். கலாஸ்."

அங்கிள் முதலில் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நாளைக்கே போவேன்," என்றார். "வாசலில் படுக்கச் சொன்னாலும் படுப்பேன். அவர்கள் விட மாட்டார்கள். விடாதே என்று சொல்ல அவர்களுக்குக் காரணமும் இருக்கிறது."

அவர் ஒரே மூச்சில் அத்தனை வாக்கியங்கள் பேசி அன்றுதான் கேட்டேன். அதையும் மொழிபெயர்த்தேன். ஆனால் கண்ணாடியைத் துடைத்ததை எப்படி மொழிபெயர்ப்பது என்று அந்த வயதில் தெரியவில்லை. வாப்பா வீட்டுக்கு வந்து, "ஆளு பிடி குடுக்க மாட்டேங்கறான். வாசல்ல படுப்பேன், அப்படி இப்படின்னு டயலாக் பேசறான்," என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். உம்மா, "நான் சொல்லல?" என்றார்.

மார்ச்சில், காற்றில் மறுபடி ஈரப்புழுக்கம் ஏறத் தொடங்கியபோது, ஆன்டியின் அம்மா சமையலறையில் விழுந்துவிட்டார் என்று போன் வந்தது. ஒரு பக்கம் கைகால் வரவில்லை. தம்பிகள் இருவரும் எங்கோ தூரத்து நகரத்தில் இரும்பு உத்திரத்தின் மேல் இருந்தார்கள். ஆன்டி அழவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து உம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். உம்மா அவருக்குத் தலை வாரிப் பின்னிவிட்டார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை, அதனால் எனக்கும் வேலை இல்லை. கிளம்பும்போது உம்மா சுண்ணாம்பு டப்பாவையே அவர் கையில் திணித்தார். டாக்சி அபுதாபிக்குப் புறப்பட்டது. அங்கிள் முன் சீட்டில் இருந்தார், ஆன்டி பின் சீட்டில். அதையும் உம்மா கவனித்து வைத்துக்கொண்டார்.

ஆன்டி திரும்பவில்லை. கொஞ்ச நாளில் வாப்பா டூட்டி முடிந்து வந்து, செருப்பைக் கழற்றாமலே சொன்னார்: "விசாவ கேன்சல் பண்ணிட்டாஹளாம். டிவோர்ஸாம். ஆபீஸ்ல பேசிக்கிட்டாஹ."

"படுத்துக் கெடக்கிற உம்மாவப் பாக்கப் போன பொண்ண தலாக் சொல்லிட்டானா?" என்றார் உம்மா. அடுப்பை அணைத்தார். அன்று அங்கிளுக்கென்று எடுத்து வைத்திருந்த குழம்பை மறுபடி பெரிய சட்டியில் ஊற்றினார். அதோடு மதிலுக்கு அந்தப் பக்கம் சோறு போவது நின்றது. வெள்ளிக்கிழமை பிரியாணிக்கு வந்த உங்கள் உம்மாமார்களும் அம்மாமார்களும் அந்தக் கதையைக் கேட்டு எடுத்துப் போனார்கள். உங்களுக்கு அது வந்து சேர்ந்த வழி அதுதான்.

அங்கிள் அந்தக் கோடையில் தனியாக இருந்தார். மாலையில் மதிலுக்கு மேலே அவருடைய தொப்பியும் தோளும் தெரியும், ஹோஸ் பைப்பின் சத்தம் கேட்கும். சோளம் காய்ந்து பழுப்பாகி நின்றபோதும் தண்ணீர் ஊற்றினார். வேலையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பு ஒரு நாள் எங்கள் வாசல் மணியை அடித்தார். கையில் எங்கள் எனாமல் தூக்குச்சட்டி. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்பதை ஆன்டி உம்மாவிடமிருந்து கற்றிருந்தார், அவர் ஆன்டியிடமிருந்து. உள்ளே உலர்ந்த வெள்ளைச் சோளம், கழுத்துவரை. உம்மா கதவைப் பாதிதான் திறந்தார். சட்டியை வாங்கிக்கொண்டார். உள்ளே வாங்கோ என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டு வாசலில் நின்ற ஒருவரிடம் உம்மா அந்தச் சொல்லைச் சொல்லாமல் விட்டது அந்த ஒரு தடவைதான். அவர் கொஞ்சம் நின்றார், தொப்பியைத் தொட்டார், போய்விட்டார். சோளம் ஃப்ரிட்ஜின் மேலேயே கிடந்தது. நாங்களும் ருவைஸை விட்டுக் கிளம்பும்போது உம்மா அதைப் புறாக்களுக்குப் போட்டுவிட்டார்.

பிறகு நடந்தவை நம் எல்லோருக்கும் பொதுவானவை. படிப்பு, வேலை, கல்யாணம், வேறு வேறு குளிர் நாடுகள். காயலில் என் பெயரில் வீடு இருக்கிறது. அதில் நான் தூங்கிய இரவுகள் குறைவு. இப்போது கனடாவில் இருக்கிறேன். போன வருடம் உம்மா வந்திருந்தபோது, ஆன்டியைத் தேடிப் பிடித்தேன். ரொம்பக் கஷ்டமில்லை, சின்ன ஊர். காலையில் காரில் கிளம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். உம்மா மடியில் அதே எனாமல் சட்டி, உள்ளே கறிக்குழம்பு. வழியெல்லாம் மூடியைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

ஆன்டியின் தலைமுடி முழுவதும் வெள்ளை. கதவைத் திறந்து உம்மாவைக் கட்டிக்கொண்டார். உள்ளே சாப்பாட்டு மேசையில் ஒருவர் ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தார். எழுந்து நின்றார். அங்கிள்.

உம்மா என்னைப் பார்த்தார். நான் ஆன்டியைப் பார்த்தேன்.

"டிவோர்ஸ் நான் கேட்டது," என்றார் ஆன்டி சாதாரணமாக, நாற்காலியை இழுத்துப் போட்டபடி. "தனியாக வந்தாலும், காகிதத்தில் இவர் மனைவியாக இருக்கும்வரை அம்மாவோடு இங்கே குடியிருக்க முடியாது என்றுவிட்டார்கள். இவர் ஒரு கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டார். அம்மா அதற்குப் பிறகு நிறைய வருடம் இருந்தார். இந்த மேசையில்தான் சாப்பிடுவார்."

அங்கிள் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஊர் எல்லைக்கு வெளியே, ஒரு சின்ன ஃபிளாட்டில் இருக்கிறார். காலையில் பாலம் கடந்து வருவார். தோட்டத்தைக் கொத்துவார், கூரையைப் பார்ப்பார், சாப்பிடுவார். விளக்கு வைக்கும் நேரத்தில் கிளம்பிவிடுவார். வந்து போகிறவரை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. வீடு ஆன்டிக்குப் பிறகு அவருடைய சித்தியின் மகள் வழிப் பேத்திக்கு.

நான் மொழிபெயர்த்து முடித்தபோது உம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "குலா கேட்டிருக்கா, பொம்பளையே கேட்டு வாங்குற விடுதலை. நான் தலாக்குன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேனே," என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். அப்போது ஆன்டி கேட்டார், அவரே சொல்லி இவர் கையில் கொடுத்தனுப்பிய சோளம் முளைத்ததா என்று. அம்மாவின் விதையாம். நான் உம்மாவிடம் அதை மொழிபெயர்க்கவில்லை. இடம் மாறியதில் தொலைந்துவிட்டது என்று ஆன்டியிடம் சொன்னேன். ஆன்டி எழுந்து போய் ஒரு பையில் புதிதாகக் கொஞ்சம் கட்டிக்கொண்டு வந்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு உம்மா மெல்லப் பேச்சுக்கு வந்தார். "எங்க வாப்பா காலத்துல புது மாப்பிள்ளைமாரு ராவுல பொண்டாட்டி ஊட்டுக்கு வருவாஹ, விடிஞ்சதும் அவுஹ உம்மா ஊட்டுக்குப் போயிருவாஹ. இங்க விடிஞ்சா வர்றாஹ, இருட்டுனாப் போறாஹ. அவ்வளவுதானே வித்தியாசம்?" இதைச் சொன்னபோது ஆன்டி விழுந்து விழுந்து சிரித்தார். அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்தத் தடவை உம்மாவும் அதைப் பார்த்தார்.

மாலையில் அங்கிள் தொப்பியை எடுத்தார். உம்மா சட்டென்று எழுந்து, மிச்சமிருந்த கறிக்குழம்பை எனாமல் சட்டியில் ஊற்றி, மூடியை அழுத்தி, வாசல்வரை கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தார். அது தன் வீடும் அல்ல, தன் ஊரும் அல்ல, அவரை இருக்கச் சொல்ல முடியாது என்பது உம்மாவுக்குத் தெரிந்திருந்தது. 

"போயிட்டு வாங்கோ, மாப்புளே," என்றார்.

என்ன சொன்னார் என்று அங்கிள் என்னிடம் கேட்டார். போங்கள், திரும்பி வாருங்கள் என்கிறார் என்றேன். மாப்பிள்ளை என்பதையும் சொன்னேன்.

அவர் சட்டியைத் தன் காரின் முன் சீட்டில் சாயாமல் வைத்து, அதற்கு பெல்ட்டையும் மாட்டினார்.

"அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்," என்று சொல்லிவிட்டுப் பாலத்தை நோக்கிப் போனார்.